பால் ஏன் பகையாயிற்று?

மல்லாங்கிணற்றில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே உள்ள ஊர் அது. பொழுது சாய்ந்து விளக்கு வைத்தாயிற்று. தொழுவத்தில் எருமை கறந்து, பால் காய்ச்சி இறக்கியாயிற்று. நான்கு வயதுப் பேரன் ஒரு தம்ளர் பாலை மடமடவென்று குடித்துவிட்டு, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு தெருவுக்கு ஓடுகிறான். மருமகள் இன்னொரு தம்ளரை எடுத்துக்கொண்டு, காய்ச்சலில் கிடந்து எழுந்த மாமியாரிடம் வருகிறாள்.

"இதையாவது குடிங்க அத்தை. உடம்பிலே தெம்பு வேண்டாமா?"

"வேண்டாம் தாயி. எனக்குப் பால் சேராது."

"மோர் சேருது, தயிர் சேருது, பால் மட்டும் சேராதா? எங்கேயாவது உண்டா?"

மருமகளுக்கு உள்ளூர ஒரு வருத்தம். 'நாம் கொடுப்பதால்தான் வேண்டாம் என்கிறார்' என்று. மாமியாருக்கும் ஒரு வருத்தம். 'நம் வயிற்றுக் கோளாறை இவள் சாக்குப் போக்கு என்று நினைக்கிறாளே' என்று. கடைசியில், மருமகள் மனம் நோகக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்து விடுகிறார். இரவு பத்து மணிக்குள் வயிறு உப்புகிறது, இரைகிறது, கொல்லைப்புறத்துக்கும் கட்டிலுக்குமாக நாலு நடை நடந்தாகிறது. மறுநாள் காலையில் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.

இந்த வழக்கிலே யார் பக்கம் நியாயம்? உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வழக்கு நடந்திருக்கலாம். தீர்ப்பைப் பிற்பாடு சொல்கிறேன். முதலில் சாட்சிகளை விசாரிப்போம். அவர்களில் சிலர் பாரிஸ் நகரத்துக்காரர்கள், சிலர் பின்லாந்துக்காரர்கள், சிலர் நம் நீலகிரிக்காரர்கள்.

வயிற்றுக்குள் ஒரு கத்தரிக்கோல்

பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது. அதற்கு லாக்டோஸ் என்று பெயர். பசுவின் பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பங்கும், தாய்ப்பாலில் ஏழு பங்கும் இதுதான். இரண்டு சிறு சர்க்கரைகள் கைகோத்துக்கொண்டு நிற்பதே லாக்டோஸ். கோத்த கையைப் பிரித்தால்தான் குடல் அதை உறிஞ்சிக்கொள்ள முடியும். பிரிக்கும் வேலையைச் செய்வது லாக்டேஸ் என்ற என்ஸைம். சிறுகுடலின் உட்சுவரில் உள்ள அணுக்கள் இந்தக் கத்தரிக்கோலைத் தயாரித்து வைத்துக்கொள்கின்றன.

பச்சைக் குழந்தையின் குடலில் இது ஏராளமாக உண்டு. வேறு ஆகாரம் இல்லாத ஜீவன் அல்லவா? பால்குடி மறந்த பிறகோ, உலகத்தில் பெரும்பாலான மனிதர்களுக்கு இந்தத் தயாரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடுகிறது. நாய்க்கும் பூனைக்கும் கன்றுக்கும் குறைவதைப் போலத்தான். உலகத்தில் வளர்ந்தவர்களை எண்ணினால் மூன்றில் இரண்டு பேர் இந்தக் கட்சி.

கத்தரிக்கோல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பிரிக்கப்படாத பால் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே கோடானுகோடி கிருமிகள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு அது கல்யாண விருந்து! விருந்து நடக்கும் இடத்தில் வாயு கிளம்புகிறது. தங்கிய சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது. உப்பல், இரைச்சல், பேதி எல்லாம் இப்படித்தான் வருகின்றன.

அப்படியானால், மாமியாரின் உடம்பில் லாக்டேஸ் செய்யும் வித்தையே அழிந்து போயிற்றா? இல்லை. அதுதான் ஆச்சரியம். அந்த வித்தை எழுதப்பட்ட ஏடு அவருடைய ஒவ்வொரு குடல் அணுவிலும் ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கிறது. ஏட்டைப் பார்த்துப் படியெடுக்கும் வேலைதான் ஏறக்குறைய நின்றுவிட்டது.

சிவகாசி அச்சகமும் நம் உடம்பும்

விருதுநகர்ப் பக்கத்து நேயர்களுக்குச் சிவகாசி அச்சகங்களைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர்கள் அங்கே அச்சாகின்றன. அச்சகத்து அலமாரியில் ஆயிரம் படங்களுக்கு மூலப் பிரதி இருக்கலாம். இருந்தால் போதுமா? 'இந்தப் படத்தை அடி' என்று பொறுப்பாளர் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் யந்திரம் ஓடும். சீட்டு வராத படம் அலமாரியிலேயே தூங்கும்.

நம் உடம்பில் ஒவ்வோர் உயிரணுவும் இப்படி ஓர் அச்சகம். அலமாரியில் இருக்கும் மூலப் பிரதிதான் டி.என்.ஏ. நான்கே எழுத்துக்களால், ஏறக்குறைய 300 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதப்பட்ட நூல் அது. அதில் புரதம் செய்யும் முறையைச் சொல்லும் பகுதிகள், அதாவது மரபணுக்கள், சுமார் 20,000. மூலப் பிரதி அலமாரியை விட்டு வெளியே வராது. 'ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்' என்ற யந்திரம் வேண்டிய பகுதியை மட்டும் படியெடுத்து அனுப்பும். அந்தப் படியைப் பார்த்துத்தான் புரதம் தயாராகும்.

கண்ணில் இருக்கும் அணுவுக்கும் குடலில் இருக்கும் அணுவுக்கும் ஒரே நூல்தான். ஆனால் கண் லாக்டேஸ் செய்வதில்லை, குடல் பார்ப்பதில்லை. எந்தப் பகுதியை எங்கே, எப்போது படியெடுப்பது என்று சீட்டுக் கொடுப்பவர்கள் வேறு சில புரதங்கள். மனித உடம்பில் அப்படிப்பட்ட பொறுப்பாளர்கள் மட்டும் சுமார் 1,600 வகை உண்டு. அவர்கள் டி.என்.ஏ.வின் மேல் தமக்கு உரிய இடத்தை எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்து, அங்கே உட்கார்ந்துகொண்டு, படியெடுப்பைத் தொடங்கி வைப்பார்கள்; அல்லது தடுத்து நிறுத்துவார்கள்.

இந்த ரகசியத்தை உலகத்துக்கு முதலில் காட்டிக் கொடுத்ததும் பால் சர்க்கரைதான்!

சினிமாக் கொட்டகையில் உதித்த யோசனை

பாரிஸ் நகரில் ஜாக் மோனோ என்று ஒரு விஞ்ஞானி. 1940-களின் தொடக்கத்தில், யுத்த காலத்தில், அவர் மனிதக் குடலில் வாழும் ஒரு கிருமிக்கு இரண்டு வகைச் சர்க்கரையை ஒன்றாகக் கலந்து வைத்துப் பார்த்தார். கிருமி என்ன செய்தது தெரியுமா? சுலபமான குளுக்கோஸை முதலில் சாப்பிட்டது. பிறகு சற்று நேரம் சும்மா இருந்தது. அதன் பிறகே பால் சர்க்கரையில் கை வைத்தது. பந்தியில் முதல் இலை எடுத்து, இரண்டாம் இலை போடும் வரை காத்திருப்பது போல! அந்த இடைவேளையில் என்ன நடக்கிறது என்பதே மோனோவின் கேள்வி.

அவரோடு சேர்ந்து உழைத்தவர் பிரான்ஸுவா ஜாகோப். இவர் சர்ஜனாக வேண்டும் என்று வைத்தியம் படித்தவர். 1944-இல் நார்மண்டிப் போர்க்களத்தில் குண்டடிபட்டதால் கத்தி பிடிக்கும் ஆசையை விட்டுவிட்டு, பாஸ்டர் ஆராய்ச்சிக் கூடத்தில் வந்து சேர்ந்தார். 1958-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு ஞாயிறு பிற்பகல், மனைவி லீஸோடு சினிமாவுக்குப் போய் உட்கார்ந்திருந்தார். படம் மனத்தில் ஏறவில்லை. திடீரென்று ஒரு யோசனை தோன்றியது: ஏதோ ஒன்று டி.என்.ஏ.வின் மேலேயே உட்கார்ந்து வழி மறிக்கிறது. அது எழுந்தால்தான் படியெடுப்பு நடக்கும்! கணவன்மார்கள் சினிமாக் கொட்டகையில் அசட்டையாக உட்கார்ந்திருந்தால் உடனே கோபித்துக்கொள்ளாதீர்கள், சகோதரிகளே! நோபல் பரிசாகவும் இருக்கலாம்.

1961-இல் இருவரும் முழுக் கதையையும் எழுதினார்கள். பால் சர்க்கரை இல்லாத வேளையில், ஒரு தடைப் பொருள் மரபணுவின் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது. யந்திரம் உள்ளே போக முடியாது. பால் சர்க்கரை வந்ததும், அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் தடைப் பொருளைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. உடனே அதன் வடிவம் மாறி, பிடி தளர்ந்து, வாசலை விட்டு விலகிவிடுகிறது. படியெடுப்பு ஆரம்பம்! என்ஸைம் ஆயிரம் மடங்கு வரை பெருகுகிறது. சர்க்கரை தீர்ந்ததும் காவற்காரன் மறுபடி வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். தேவை இல்லாதபோது தயாரிப்பும் இல்லை. என்ன சிக்கனம்!

1965-இல் மோனோவுக்கும் ஜாகோபுக்கும், அவர்களுடைய மூத்த சகா ஆந்த்ரே லுவோஃபுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தடைப் பொருள் ஒரு புரதமே என்பதை 1966-இல் அமெரிக்காவில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ மூல்லர்-ஹில்லும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

மாமியார் வயிற்றில் அன்றிரவு நடந்ததை இப்போது மறுபடி யோசித்துப் பாருங்கள். அவருடைய சொந்த அணுக்களில் லாக்டேஸ் ஸ்விட்ச் மூடிக் கிடந்தது. அதனால் தப்பிப் போன பால் சர்க்கரையே, பெருங்குடல் கிருமிகளின் ஸ்விட்சைத் திறந்துவிட்டது!

பக்கத்து வீட்டுச் சுவரில் ஸ்விட்ச்

கிருமியின் குடித்தனம் சின்னக் குடித்தனம். மனிதனுடையதோ பெரிய சம்சாரம். இங்கே படியெடுக்கும் யந்திரம் தானாக வாசலைக் கண்டுபிடிக்காது. முதலில் சில புரதங்கள் மரபணுவின் தொடக்கத்தில் கூடி இடம் போட்டு வைக்க வேண்டும். பிறகுதான் யந்திரம் வந்து அமரும். யந்திரம் அமர்ந்து வேலை செய்யும் கோலத்தை, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டைக் கொண்டு அணு அணுவாகப் படம் பிடித்துக் காட்டியவர் ராஜர் கோர்ன்பெர்க். அதற்காக 2006-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய தந்தை ஆர்தர் கோர்ன்பெர்க்கும் 1959-இல் நோபல் பரிசு பெற்றவர். தகப்பன் சொத்து பிள்ளைக்கு என்பது இதுதான் போலும்!

இத்தனை பேர் கூடினாலும், 'அடி' என்ற சீட்டு வர வேண்டுமே? அந்தச் சீட்டு எங்கிருந்து வருகிறது என்று பின்லாந்து நாட்டில் தேடினார்கள். பால் குடிக்கிறவர்களும் பால் சேராதவர்களும் கலந்திருந்த ஒன்பது பெரிய குடும்பங்களை எடுத்துக்கொண்டு அலசினார்கள். இர்மா யார்வெலா, லீனா பெல்டோனென் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி அது. 2002-இல் விடை கிடைத்தது. லாக்டேஸ் மரபணுவில் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. அதற்கு 13,910 எழுத்துக்கள் முன்னால், பக்கத்து மரபணுவின் உள்ளே, ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' இருந்தவர்களுக்கு முதுமையிலும் பால் சேர்ந்தது. நம் வீட்டு விளக்குக்குப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஸ்விட்ச் வைத்த கதை!

அவ்வளவு தூரத்தில் இருக்கும் இடம் இங்கே எப்படி வேலை செய்யும்? ஆறு கஜப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். விரித்துப் போட்டால் ஒரு முனை கூடத்தில், மறு முனை தாழ்வாரத்தில். மடித்துவிட்டால் முனையும் முனையும் ஒட்டிக்கொள்கின்றன அல்லவா? டி.என்.ஏ. இழையும் வளைந்து மடிந்துதான் அணுவுக்குள் இருக்கிறது. தொலைவில் உள்ள ஸ்விட்சின் மேல் உட்கார்ந்த புரதங்கள், மடிப்பின் புண்ணியத்தால், லாக்டேஸ் மரபணுவின் வாசலைத் தொட்டு யந்திரத்தைத் தூண்டிவிடுகின்றன.

குழந்தைப் பருவத்தில் இந்தக் கூட்டணி சுறுசுறுப்பாக இருக்கிறது. வயது ஏற ஏற, அந்த இடத்து டி.என்.ஏ.வின் மேல் மீத்தைல் என்ற சின்னஞ்சிறு குறிகள் படிகின்றன, இழை இறுகிக்கொள்கிறது, புரதங்கள் உட்கார இடமில்லாமல் போகிறது. அரக்கு முத்திரை வைத்துப் பூட்டிய அறை மாதிரி. ஆனால் 'டி' எழுத்து உள்ளவர்களிடம் 'ஆக்ட்-1' என்ற ஒரு புரதம் அந்த இடத்தை மிக உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது என்று 2005-இல் கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அவர்களிடம் முத்திரை விழுவதில்லை. ஆயுசு முழுவதும் கதவு திறந்தே இருக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து இந்த எழுத்து வந்தாலே போதும்.

ஒரே எழுத்து! 300 கோடியில் ஒன்று! மாடு மேய்த்து வாழ்ந்த ஜனங்களிடம் சில ஆயிரம் ஆண்டுகளாக அது பரவி வந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் கென்யா, டான்ஸானியா, சூடான் நாட்டு இடையர்களிடம், அதே ஸ்விட்சில் வேறு எழுத்துக்கள் தனியாக மாறி, அதே பலனைத் தந்திருப்பது 2007-இல் தெரியவந்தது.

கோகுலத்துக்கு வந்த சோதனை

சரி, நம் நாட்டு நிலவரம் என்ன? பாலும் வெண்ணெயும் கண்ணன் கதையுமாக வாழ்கிற தேசம் அல்லவா இது? 2012-இல் ஹைதராபாதில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் முதலியோரும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலும் 2,284 பேரிடம் எடுத்த டி.என்.ஏ.வில் இந்த ஸ்விட்சைச் சோதித்திருந்தார்கள். ஐரோப்பாவில் உள்ள அதே 'டி' எழுத்துத்தான் இங்கும் இருந்தது. வடமேற்கே அதிகம், தென்கிழக்கே வர வர மிகக் குறைவு. ஆகவே நம் தமிழ் நாட்டில் பெரும்பாலோருக்கு, வளர்ந்த பிறகு இந்த ஸ்விட்ச் மூடிக்கொள்வதே இயல்பு.

இதற்கு விலக்கும் நம்மிடமே உண்டு. நீலகிரியில் எருமை வளர்த்து வாழும் தோடர்கள் மிகச் சிறிய சமூகம். பால்மனைகளையே கோயிலாக வைத்து, பாலும் மோரும் நெய்யுமாக வாழ்ந்து வந்தவர்கள். தெற்கே இருந்தும் அவர்களிடம் 'டி' எழுத்து மிக அதிகமாகக் காணப்படுகிறது. சுற்றிலும் மூடிய கதவுகள். மலை மேல் ஒரு திறந்த கதவு!

பால் சேராத மற்றவர்கள் மட்டும் பாலை விட்டுவிட்டார்களா? இல்லையே! தயிராகத் தோய்த்தார்கள், மோராகக் கடைந்தார்கள், வெண்ணெய் எடுத்து நெய்யாக உருக்கினார்கள். உறை ஊற்றிய பாலில் கிருமிகள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்று புளிப்பாக்கிவிடுகின்றன. தயிரோடு உள்ளே போகும் கிருமிகளின் என்ஸைம் மீதிச் சர்க்கரையைப் பிரிக்கவும் கை கொடுக்கிறது. மோரில் தண்ணீர் சேர்வதால் இன்னும் சுலபம். நெய்யில் பால் சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். மூடிய ஸ்விட்சுக்கு நம் பாட்டிமார் அடுப்படியிலேயே மாற்று வழி வைத்துவிட்டார்கள்.

மூடிய கதவைத் திறக்கலாமா?

இந்தக் கதை பாலோடு முடிந்துவிடவில்லை. நீலகிரி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து, சிறு நாளங்களில் அடைத்துக்கொண்டு, தாங்க முடியாத வலியைத் தரும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணமான குறை இந்தியாவில் முதலில் தெரியவந்த இடங்களில் நீலகிரிப் பழங்குடி மக்களின் ஊர்களும் சேர்ந்தவை, ஆண்டு 1952.

இந்த நோய் உள்ள குழந்தை பிறந்தவுடன் துன்பப்படுவதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது தயாராகும் ஹீமோகுளோபின் வேறு வகை. அதில் குறை இல்லை. பிறந்து சில மாதங்களில் அந்த மரபணுவின் ஸ்விட்ச் மூடி, குறையுள்ள பெரியவர் வகை தலையெடுக்கும்போதுதான் தொல்லை ஆரம்பம். மூடும் கைகளில் முக்கியமானது பி.சி.எல்.11-ஏ என்ற புரதத்தின் கை என்பதை 2008-இல் பாஸ்டன் நகரில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் முதலியோர் காட்டினார்கள். அந்தக் கையைத் தளர்த்திவிட்டால்? நோயாளியின் ரத்தத்தை உண்டாக்கும் அணுக்களை வெளியே எடுத்து, இந்தப் புரதத்தின் ஸ்விட்சை வெட்டிவிட்டு, திரும்ப உடம்பில் செலுத்தும் சிகிச்சைக்கு 2023-இன் கடைசியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. குழந்தை ஹீமோகுளோபின் மறுபடி பெருகுகிறது. செலவு கோடிக்கணக்கில், மலைக் கிராமத்துக்கு அது வந்து சேர வேண்டியது இனிமேல்தான். ஆனாலும், மூடிய கதவைத் திறக்க முடியும் என்று தெரிந்துவிட்டதல்லவா?

உங்கள் வீட்டுக்கு நாலு வார்த்தை

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை இந்தக் காரணம் சொல்லி ஒருபோதும் நிறுத்தாதீர்கள். குழந்தையின் ஸ்விட்ச் நன்றாகத் திறந்தே இருக்கிறது. சற்றுப் பெரிய குழந்தைக்குக் கடும் பேதி கண்டால், குடலின் மேற்பரப்பு புண்பட்டு, லாக்டேஸ் சில நாட்களுக்குக் குறையலாம்; புண் ஆறியதும் திரும்பிவிடும். அப்போது என்ன கொடுப்பது என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களில் பால் சேராதவர்களும் ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாது என்பதில்லை. பலருக்கு ஒரு தம்ளர் அளவு வரை, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், பெரிய தொந்தரவு இருக்காது. வெறும் வயிற்றில் பெரிய லோட்டா நிறையக் குடிப்பதுதான் வம்பு. தயிரும் மோரும் இருக்கவே இருக்கின்றன. சுண்ணாம்புச் சத்துக்குப் பாலை மட்டுமே நம்ப வேண்டியதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எள், முருங்கைக் கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் உண்டு.

ஒன்று மட்டும் கவனம். மலத்தில் ரத்தம், உடம்பு இளைத்தல், விடாத காய்ச்சல் ஆகியவை இருந்தால், 'பால் சேரவில்லை' என்று சொல்லிச் சும்மா இருந்துவிடாதீர்கள். அது வேறு சமாசாரம். வைத்தியரிடம் போக வேண்டியது.

இனி, ஒத்திவைத்த தீர்ப்பு. மாமியார் சாக்குப் போக்குச் சொல்லவில்லை. அவர் அணுக்களில் முத்திரை விழுந்த ஸ்விட்ச் அதற்குச் சாட்சி. மருமகள் பேரிலும் குற்றமில்லை. அன்போடு கொடுத்தது பாலாகப் போயிற்று, அவ்வளவுதான். மேலுதட்டில் வெள்ளை மீசையோடு ஓடினானே, அந்தப் பேரன்? அவனுக்கும் அநேகமாகப் பாட்டியின் எழுத்துத்தான் வாய்த்திருக்கும். வளர வளர அவனுடைய கதவும் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். அன்றைக்கு அவனுடைய மனைவி பால் தம்ளரோடு வந்து நிற்கும்போது, இந்தக் கதையை அவளுக்குச் சொல்லட்டும்.

அதுவரையில், நாளை மாலை மல்லாங்கிணற்று வீட்டில் விளக்கு வைத்ததும், மருமகள் ஒரு செம்பில் மோர் எடுத்து, உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுக் கொண்டு போகட்டும். "இதைக் குடிங்க அத்தை" என்று சொன்னால், "கொண்டா தாயி" என்று மாமியார் கை நீட்டுவார். வழக்குத் தள்ளுபடி!